சித்தியின் குத்தும் என் உள்ளங்கையும்

என் ஓரகத்தி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சீர்ச் சாமான்களோடு ஒரு ஜோடிச் சிவப்புக் கையுறையும் வந்தது. சேலத்தில் காலேஜ் படித்தபோது குத்துச்சண்டையில் மெடல் வாங்கினவளாம். வாங்கட்டும், எனக்கென்ன வந்தது என்றுதான் இருந்தேன். என் மகள் அந்தக் கையுறையை மாட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு வயிறெரிய ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரரும் ஓரகத்தியின் புருஷனான அவர் தம்பியும் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் காட்டுக்குள் ஒற்றை வீடு. நாங்கள் இரண்டு பொம்பளைகள், எட்டாவது படிக்கும் என் மகள், நாலு உருப்படி மாடு. "நம்மளைய நாமளே காப்பாத்திக்கோணுமுங்க்கா" என்று ஓரகத்தி சொல்லிவிட்டு, தினமும் சாயங்காலம் வாசலில் வைத்து என் மகளுக்குக் குத்தக் கற்றுக்கொடுத்தாள். முன்பெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிற பிள்ளை, இப்போது "சித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். பெற்றவள் நான் அடுப்படியில் குத்துக்கல்லாட்டம் நிற்பது அவள் கண்ணிலேயே படவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மாட்டுக் கொட்டகையில் இருந்த பருத்திக்கொட்டை மூட்டையை ஓங்கி ஒரு குத்து விட்டேன். மூட்டை அசையவில்லை. மணிக்கட்டு பிசகிக்கொண்டது. தண்ணீர்க் குடம் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். ஓரகத்திதான் உட்கார்ந்து எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். அதுவும் நன்றாகவே நீவினாள். அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

அப்புறம் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஒரு பெண் போலீஸ் வந்து பேசினார். "கையுறை இல்லாம எலும்பு மேல குத்தினா உங்க விரல்தான் ஒடையும். உள்ளங்கைய விரிச்சு, கீழ இருந்து தாடையப் பாத்துத் தள்ளுங்க. கத்துங்க. ஓடுங்க." எனக்கு அப்போது உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓரகத்தியிடம் சொன்னேன்.

"ஏம்புள்ள, குத்தறதெல்லாம் வெட்டி வேலையாமா. போலீஸே சொல்லீருச்சு."

அவள் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். "ஆமாங்க்கா, நெசந்தான். எனக்கே ஒருக்கா சுண்டுவெரல் ஒடஞ்சிருக்குது" என்று சிரித்தாள். தோற்கிறவள் சிரிக்கக் கூடாது. என் மகளும் அவளோடு சேர்ந்து சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சந்தைக்குப் போய்விட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தோம். ஒரு பைக் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு பேர், இருவருக்கும் ஹெல்மெட். பின்னால் இருந்தவன், "இங்க கோழிப்பண்ணை எங்கீங்க இருக்குது?" என்றான். எந்தப் பக்கம் கையைக் காட்டினாலும் ஒரு கோழிப்பண்ணை இருக்கிற ஊர் இது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் அவன் கை ஓரகத்தியின் கழுத்துக்குப் போய்விட்டது.

குத்துவாள் என்றுதான் நினைத்தேன். மெடல் வாங்கின இரண்டு கையும் நேராகத் தாலிக்குத்தான் போயின. கொடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். அவன் இழுக்கிறான், இவள் விடவில்லை. நான் பையைப் போட்டுவிட்டு, "அடேய் பன்னாடை" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளங்கையை அவன் ஹெல்மெட்டுக்குக் கீழே தாடையில் கொடுத்து ஒரே தள்ளு. பக்கவாட்டில் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தவன் பிடி தவறிப் பின்னால் சரிந்தான். பைக் தள்ளாடியது. விழுந்தும் விழாமலும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கொடி இரண்டாக அறுந்து அவள் கைக்குள்ளேயே இருந்தது. கழுத்தில் ரத்தக்கோடு. மகள் என்னிடம்தான் ஓடி வருவாள் என்று நின்றேன். அவள் சித்தியைப் போய்க் கட்டிக்கொண்டு, "வலிக்குதுங்களா சித்தி" என்று அழுதாள். நான் குனிந்து சிதறின தக்காளியைப் பொறுக்கினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் போனில் அப்பாவிடம் சொல்லும்போதும் அதே பாட்டுத்தான். "சித்தி கடேசி வரைக்கும் கொடிய உடவே இல்லீங்கப்பா." ஓரகத்தி போனைப் பிடுங்கி, "அதெல்லாம் இல்லீங்க மாமா, எனக்குக் குத்தக் கையே வல்லீங்க, அக்காதான் தள்ளுனாங்க" என்றாள். உண்மையைச் சொன்னாள் என்ற நல்ல பேரும் அவளுக்கே போயிற்று.

"அவ்வளவு படிச்ச குத்து எங்கடி போச்சு?" என்று அப்புறம் கேட்டேன். குத்திக்காட்டத்தான் கேட்டேன்.

"குத்தறதுன்னா மொதல்ல ரெண்டு கையும் மூஞ்சிக்கு முன்னால வரோணுமுங்க்கா. ரிங்குல யாரும் தாலியக் கட்டிக்கிட்டு நிக்கறதில்லீங்களே" என்றாள்.

அவன் என் கொடியைப் பிடித்திருந்தால் என் கைகளும் அங்கேதான் போயிருக்கும். எந்த வாத்தியார் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் எங்கள் ஊர்ப் பொம்பளைகளின் கை முதலில் கழுத்துக்குத்தான் போகும். தள்ளுவதற்குப் பக்கத்தில் இன்னொருத்தி வேண்டும். இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல வாசலில் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையுறை ஓரமாகக் கிடந்தது. என் மகள் உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சித்தி, அம்மா எப்புடித் தள்ளுனாங்க? இன்னொருக்காக் காட்டுங்க."

ஓரகத்தி காட்டினாள். முழங்கையை மடக்காமல், தப்பாகக் காட்டினாள். எனக்குத் தாங்கவில்லை. கரண்டியோடு வெளியே வந்தேன்.

"ஏஞ்சாமி, தள்ளுனவ நான் இங்க நிக்கறன். என்னையக் கேக்க மாட்டியா?"

மகள் சித்தியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"உங்ககிட்டக் கேட்டா வைவீங்கம்மா."

அப்படிச் சொன்னதற்கு அவளை வைவதற்காக நான் வாயைத் திறந்துவிட்டேன். ஓரகத்தி வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.