எத்தனை அக்கா

அண்ணியை நாத்தனார் புகழ்வது உலகத்தில் நடக்காத காரியம். நானே புகழ்கிறேன் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அண்ணி வலி மருத்துவமனையில் ஆராய்ச்சி நர்ஸ். நான் அங்கேயே முன்பதிவு கவுண்டரில் உட்காருகிறேன். "வலி எத்தனை? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்று நோயாளிகளைக் கேட்பதுதான் அவர் வேலை. அதனால் கட்டடம் முழுக்க அவருக்கு 'எத்தனை அக்கா' என்றுதான் பேர். வீட்டிலும் அதே கூத்துதான். அண்ணன் தலைவலி என்று முனகினால் நம்பர் சொன்ன பிறகுதான் மாத்திரை.

ஆராய்ச்சி முழங்கால் வலியைப் பற்றியது. மெல்லிய ஊசியை முழங்கால் நரம்புக்குப் பக்கத்தில் செலுத்தி, ரேடியோ அலையால் நுனியைச் சூடாக்குவார்கள். அந்த நரம்பு வலியைக் கடத்துவதை நிறுத்திவிடும். நிஜமாகவே பலன் உண்டா என்று பார்க்க, பாதிப் பேருக்கு ஊசியும் மெஷின் சத்தமும் மட்டும், சூடு கிடையாது. எல்லாரும் தெரிந்தே சம்மதித்தவர்கள்தான். ஆனால் யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. கடைசிப் பரிசோதனையில் வலி குறையாமலிருந்து, சூடும் கிடைக்காதவராக இருந்தால், அவருக்கு நிஜ சிகிச்சையை இலவசமாகச் செய்வார்கள்.

அந்த ஆராய்ச்சியில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். நாள் முழுக்க நின்றே பிழைக்கிறவர், வாய் ஓயாதவர். என் கவுண்டர் வரிசையையே "உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்று நகர்த்திவிடுவார். ஊசி போட்ட பிறகு ஒருநாள் பரிசோதனையில் அண்ணி எத்தனை என்று கேட்க, பக்கத்தில் டாக்டர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

"பூஜ்யம்மா! டாக்டர் கைராசி அப்படி!" என்ற சத்தம் கவுண்டர் வரை கேட்டது.

வெளியே வந்தவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, பல்லைக் கடித்தபடி படியிறங்கினார். பதறிப்போய் ஓடினேன். "என்ன சார் இது?"

"பெத்த பிள்ளைகூட இப்படி விசாரிக்க மாட்டான்மா. அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்து வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

கடைசித் தடவையும் இப்படியே சொன்னால், காலமெல்லாம் அந்தக் காலோடுதான் அவர் பஸ் ஏற வேண்டும். அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "எட்டுன்னு எழுதிடுங்க அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது?"

"அவர் வலிக்கு நான் எப்படி நம்பர் போடறது? அவர்கிட்டயும் இதப்பத்தி வாயத் திறக்காதே."

கல்நெஞ்சக்காரி என்று அண்ணனிடம் போய் வத்தி வைத்தேன். அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் அண்ணி நேராக டாக்டர் அறைக்குப் போயிருக்கிறார். "சார், நான் கேள்வி கேக்கும்போது நீங்க ரூம்ல இருக்கக் கூடாது."

"நான் ஒண்ணும் பேசறதில்லையேம்மா?"

"உங்க முகமே போதும் சார். உங்க மனசு நோகக் கூடாதுன்னு வலியைக் குறைச்சுச் சொல்றாங்க."

நல்ல மனுஷன், கோபித்துக்கொள்ளவில்லை. "என் ஆராய்ச்சிக்கு நானே இடைஞ்சலா?" என்று தலையைச் சொறிந்தாராம். நடந்ததை மறைக்காமல் இருவரும் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் குழுவுக்கு எழுதினார்கள். இனி எல்லா நோயாளிகளுக்கும் ஒரே வாசகத்தைப் படித்துக்காட்ட அனுமதி கேட்டார்கள். கண்டக்டரின் கடைசிப் பரிசோதனைக்குள் அனுமதி வருமா என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, வந்தது.

அன்று டாக்டர் தாமாகவே கேன்டீனுக்குப் போய்விட்டார். உள்ளே நடந்ததைக் கண்டக்டரே பிறகு ஊரெல்லாம் சொன்னார்.

அண்ணி படித்தார்: "நம்பர் கூடினாலும் குறைஞ்சாலும் டாக்டருக்கு வருத்தமில்ல. சரியான நம்பரைச் சொன்னாத்தான் அவருக்கு உதவி."

"அப்ப நான் பொய் சொன்னா அவருக்குத்தான் கெடுதலா?"

அண்ணி அதே வாசகத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு, "வலி எத்தனை?" என்றார்.

"எட்டும்மா."

யாருக்கு எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைப் பிரித்துப் பார்த்தபோது, அவருக்குக் கிடைத்தது வெறும் சத்தம்தான் என்று தெரிந்தது. நிஜ சிகிச்சை நடந்தது. சில வாரம் கழித்து மறுபடி பரிசோதனைக்கு வந்தார். அண்ணி அறையிலிருந்து வெளியே வந்தவர், கொஞ்சம் சங்கடத்தோடு என் கவுண்டரில் கையை ஊன்றினார்.

"பூஜ்யம்னு வாய் வரைக்கும் வந்துச்சும்மா. ஆனா நிஜம் மூணுதான். மூணுன்னே சொல்லிட்டேன்."

பூஜ்யம் என்றிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். மூணு என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.