மார்கழி வியர்வை

இறைவனை நினைந்து பாடுவோர்க்கு மேனி வியர்க்கும், குரல் தழுதழுக்கும், நிற்க இயலாமல் உடல் தளரும் என்று எனக்குக் கற்பித்தவர் என் தந்தையார்தாம். பதிகங்களுக்கு அவர் பொருள் சொல்லும் முறை அது. அந்தப் பாடத்தை நான் ஒரு சொல்லும் தவறாமல் கற்றிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் நாங்கள் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் குடியிருந்தோம். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த தந்தையார், உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டினார். மார்கழி விடியலில் எங்கள் வரிசைகளைச் சுற்றிப் பாடிவரும் கூட்டத்துக்கு அவரே முதற்குரல். பதினொரு வயதுச் சிறுமியான நான் அவருக்கு அடுத்து நின்று பாடுவேன். அதில் எனக்கிருந்த செருக்கு எந்த அடியாருக்கும் தகாதது.

அவ்வாண்டு தொழிற்சாலை மருத்துவர், இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதாகச் சொல்லி, ஈசிஜி எடுத்துவரும்படி சீட்டு எழுதித் தந்திருந்தார். தாயார் நாள்தோறும் நினைவூட்டினார்.

"மார்கழி முடியட்டும். விரதத்தோட ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு அலையவா?" என்ற தந்தையார், அச்சீட்டைப் பதிகப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துக்கொண்டார். அதற்கு அதுவே உரிய இடம் என்று எனக்கும் தோன்றியது.

அன்று பனி தெருவிளக்குகளை மூடியிருந்தது. எல்லோரும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக நடந்தோம். இரண்டாம் வரிசையில் திரும்பும்போது தந்தையார் தாளத்தை என்னிடம் நீட்டினார்.

"இடது கை கடுக்குது தாயி. நீ தட்டு."

தாளம் என் கைக்கு வந்த மகிழ்ச்சியில் அந்தக் கையை நான் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டார், பல்வலி என்றார். மூன்றாம் வரிசையில் அடி முடியுமுன் குரல் நடுங்கி நின்றது. நெற்றியில் அரும்பிய வியர்வை கழுத்து வழியே இறங்கி மஃப்ளரை நனைத்தது. எனக்கு மெய் சிலிர்த்தது. அவர் சொல்லித்தந்த அந்த நிலை அவருக்கே வாய்த்துவிட்டது!

வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்த கன்னடத்து ஆன்ட்டி எழுந்து வந்தார். "ஏன் சார், இந்தச் சளியில இவ்ளோ வேர்க்குது? உக்காருங்க, ஆட்டோ கூப்பிடறேன்."

கன்னடத்தில் சளி என்றால் குளிர். எங்களுக்கோ அது மூக்கில் ஒழுகுவது.

"சளி புடிச்சா வேர்க்காது ஆன்ட்டி, ஒழுவும்!" என்றான் ஒரு பையன். கூட்டமே சிரித்தது.

"சிரிக்காதடா. எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடித்தான்..." என்று அவர் தொடங்கினார். நான் விடவில்லை.

"ஆன்ட்டி, இது பக்தி. உருகிப் பாடுனா இப்டித்தான் வேர்க்கும். உங்களுக்குத் தெரியாது."

பெரியவர்கள் என்னை வியந்து பார்த்தார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்த தந்தையார் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, விட்ட அடியிலிருந்து பாடத் தொடங்கினார்.

பிள்ளையார் கோயில் படியில் அவர் சரிந்தபோது ஆட்டோ எங்கள் பின்னால் நின்றிருந்தது. யார் சொல்லையும் கேளாமல் அந்த அம்மாள் அழைத்து வந்திருந்தார். மருத்துவமனையில், எப்போது தொடங்கியது என்று கேட்டார்கள். கை, தாடை, வியர்வை என்று பதிகம் ஒப்பிப்பதுபோல் வரிசையாகச் சொன்னேன். "அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா..." என்ற மருத்துவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்று பகலிலேயே தந்தையாரை இழந்தோம். சீட்டு அந்தப் புத்தகத்தில் அப்படியே இருந்தது.

இன்றும் மார்கழியில் பாடுகிறேன். உடன் பாடுவோர் யாரேனும் குளிரில் வியர்த்தாலோ, நெஞ்சையோ கையையோ பிடித்தாலோ, பாட்டைப் பாதியில் நிறுத்தி வண்டியில் ஏற்றிவிடுகிறேன். வாயுத் தொல்லைதான் என்று கோபித்துக்கொள்வோர் உண்டு. கோபிக்கட்டும்.

அன்று அவர் புன்னகையை நான் அருள் என்று கொண்டேன். ஊரார் முன் மகள் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாதே என்று, அமர வேண்டிய ஒருவர் நின்று பாடிக்கொண்டிருந்தார் என்பது அந்தச் சிறுமிக்கு விளங்கவில்லை. அவள் தாளத்தை இன்னும் உரக்கத் தட்டினாள்.