பரிமாற வந்தவரிடம் ஒரு கேள்வி

டொராண்டோவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்து லிப்டில் ஏறினால், முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்த முகமாகக் குளிரைப் பற்றிப் பேசுவார்கள். இன்றைக்குக் குளிர் அதிகம், நாளைக்கு மழை வரும், அவ்வளவுதான். கதவு திறந்ததும் போய்விடுவார்கள். வந்த புதிதில் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளுக்கு இது பெரிய குறை. "வானத்தப் பத்தி இம்புட்டு விசாரிக்காகளே, வயித்தப் பத்தி ஒரு ஆளு கேக்கலியே" என்பாள். சிவகாசிப் பக்கம் எங்கள் நாரணாபுரத்தில் எதிரே ஆள் வந்தால் வாயில் முதலில் வருவது "சாப்பிட்டீகளா?" என்பதுதான். சண்டை போட்டுப் பேச்சை முறித்துக்கொண்டவர்கள்கூட மறுபடி சேர்வது அந்த வார்த்தையில்தான்.

எங்களை இங்கே அழைத்துக்கொண்டவன் மகன். சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டிப் பழகியவன், இங்கே சின்னதாக ஓர் அச்சாபீஸ் வைத்திருக்கிறான். ஓட்டல்களுக்கு மெனு கார்டு அடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும்போது பெட்டிமேல் ஒட்டிய லேபிளைப் பார்த்து எழுத்துக் கூட்டியவன். மயில் படத்துக்குக் கீழே 'ம' இருக்கும், அப்படித்தான் படிப்பு. அந்த நான் இன்று சீனாக்காரர் மெனுவையும் இத்தாலிக்காரர் மெனுவையும் தினமும் மடித்துக் கொடுக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. "அப்பா மடிச்சாத்தான் மூலை சேருது" என்று மகன் சொல்வான். அதைக் கேட்பதற்காகவே காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

மெனு கார்டு வாங்குகிற முதலாளிகள் "குடும்பத்தோடு சாப்பிட வாருங்கள்" என்று மகனைக் கூப்பிடுவார்கள். அவனுக்கு ஆர்டரை முடிக்கவே நேரம் போதாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவைப்பான். மேசையில் உட்கார்ந்ததும் எங்கள் அச்சாபீஸ் கார்டு கைக்கு வருமே, அப்போது எனக்கு நெஞ்சு ஒரு சாண் விரியும். தடவித் தடவிப் பார்ப்பேன். "பேப்பரையே தின்னு பசியாறுங்க, காசு மிச்சம்" என்பாள் பேச்சியம்மாள்.

ஓட்டல் சாப்பாடு எனக்குப் புதிதல்ல. லோடு லாரியோடு போன காலத்தில் விருதுநகரில் இறங்கி, எண்ணெயில் பொரித்த பரோட்டாவை நொறுங்க நொறுங்கத் தின்றிருக்கிறேன். அவளுக்கு ஒரு பொட்டலம் வரும், அவ்வளவுதான் அவள் கண்ட ஓட்டல். அவளும் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள்தான். காலையில் கம்பெனி வண்டி வருவதற்குள் எங்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் மிஞ்சியதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு ஓடுவாள். சாயங்காலம் வெடிமருந்து படிந்த கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுச் சமைப்பாள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அதே தட்டில் அவள் உட்காருவாள். எதிரெதிரே உட்கார்ந்து நாங்கள் சாப்பிட்டதே கிடையாது. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததும் இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு இங்கே ஒருவர் நின்று பரிமாறினால் இருப்புக்கொள்ளாது. "பாவம், நிக்காக. சாப்பிட்டாகளான்னு கேளுங்க" என்று என் தொடையைக் கிள்ளுவாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானும் கேட்பேன்: "யூ ஈட்?"

சீனா ஓட்டலில் கேட்டபோது அந்த அம்மாள், "யெஸ், யெஸ், ஐ ஈட்! ஐ பிரிங்!" என்று ஓடிப்போய், தான் விரும்பிச் சாப்பிடுவதையே கொண்டுவந்து வைத்துவிட்டார். பார்த்தால் கோழிக்கால், நகம் வெட்டிய கால். பேச்சியம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைகள் திரும்பின. "நம்ம கறிக்கடையில சும்மா குடுப்பாக. இங்கன அதுக்குச் சோடிச்சுல்ல விடுதாக!" என்றாள். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

இத்தாலி ஓட்டலில்தான் வினை வந்தது. பரிமாற வந்தவர் தட்டை வைத்ததும் அவள் நேரே அவர் முகத்தைப் பார்த்து, தானே கேட்டுவிட்டாள்: "யூ ஈட்." கேள்விபோல இழுக்கத் தெரியவில்லை. 'இதை நீயே தின்னு' என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. முகம் சிவந்துவிட்டது. முதலாளி வந்தார், மன்னிப்புக் கேட்டார், தட்டை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். எனக்கு விளக்கிச் சொல்ல வார்த்தை இல்லை. பசியோடு வெளியே வந்தோம்.

பஸ் நிறுத்தத்தில் அவள் அழுதாள். "ஒரு மனுசனச் சாப்பிட்டியான்னு கேக்க முடியாத ஊருல எனக்கென்ன சோலி? வீட்டுலயும் ஆளுக்கொரு கிண்ணத்தத் தூக்கிட்டு மூலைக்கு மூலை போயிருதாக. யாருக்குப் போடுதேன் நானு? தீவாளிக்கு முன்ன என்னைய ஊருக்கு அனுப்பிருங்க."

"நானு?"

"ஒங்களுக்குத்தான் மடிக்கதுக்குக் காயிதம் இருக்கே. நீக இருங்க. எனக்குப் போறதுக்கு மட்டும் டிக்கெட்டு போதும்."

மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். மருமகள் ஒரு வாரம் அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டாள். பேச்சியம்மாள் மனம் இறங்கவில்லை. நானும் கிளம்பியிருக்கலாம். ஆனால் இந்த வயதில் ஓர் இடத்தில் என் கை வேண்டியிருக்கிறது. அதை விட்டு எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு எத்தியோப்பியா ஓட்டல். வரமாட்டேன் என்றவளைக் கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். அதை நடத்துகிற அம்மாள் பெயர் அல்மாஸ், எங்களைவிடக் கொஞ்சம் இளையவர். ஒரே பெரிய தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். தட்டு அகலத்துக்குக் கம்மந்தோசை மாதிரி ஒன்று, இஞ்செரா என்றார். அதன்மேல் பருப்பும் கறியும் கீரையும். கரண்டி கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே தட்டுத்தான்.

பேச்சியம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீக சாப்பிடுங்க. பெறகு நான்."

"ஏ புள்ள, ஆறிப்போகும்."

"ஆறட்டும்."

அல்மாஸ் திரும்பி வந்து பார்த்தார். என் பக்கம் குழி விழுந்திருந்தது, அவள் பக்கம் அப்படியே இருந்தது. "நோ லைக்?" என்றார் கவலையோடு. போன வாரத்துப் பயம் அவளை விட்டுப் போகவில்லை. தலையைக் குனிந்தபடி, மெதுவாக, இந்த முறை நன்றாக இழுத்துக் கேட்டாள்: "யூ... ஈட்...?"

அல்மாஸ் அப்படியே நின்றார். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "நோ" என்றார். "டுடே, நோ ஈட்."

"பாத்தீகளா!" என்று என்னிடம் பாய்ந்தாள் பேச்சியம்மாள். "நான் சொன்னேன்ல?" நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மொதல்ல" என்று தமிழிலேயே அதட்டினாள். கையைக் கழுவிவிட்டு வந்து அந்த அம்மாளும் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. தோசையைக் கிள்ளி, கறியை வைத்துச் சுருட்டி, பேச்சியம்மாள் வாய்க்கு நேரே நீட்டினார். "குர்ஷா" என்றார். அவர்கள் ஊரில் பிரியமானவர்களுக்கு ஊட்டுவது வழக்கமாம், மறுக்கக் கூடாதாம். ஊருக்கெல்லாம் போட்டவள் விழித்தாள், பிறகு வாயைத் திறந்தாள். அடுத்து அல்மாஸ் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். இப்போது நீ ஊட்டு.

மெனு கார்டை மடிப்பதுபோல மூலை சேர மடித்தேன். ஊட்டினேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாங்கினாள். மென்று முடித்து, ஓர் உருண்டை சுருட்டி என் வாயில் திணித்தாள். அதன்பிறகு அவள் கை தட்டிலிருந்து எழவேயில்லை. அந்த ஓட்டலில் அன்றைக்கு என்னைவிடப் பெரிய ஆள் எவனும் கிடையாது.

பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

"ஊருல யாருட்டயும் சொல்லிராதீக" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"டிக்கெட்டு போட்டாச்சா?"

"நாளைக்குப் போடுதான்."

"திரும்பி வாரதுக்கும் சேத்துப் போடச் சொல்லுங்க." கழுவியும் மசாலா மணம் போகாத விரல்களை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். "தீவாளிக்கு அங்கன எல்லாருக்கும் பொங்கிப் போட்டுட்டு வாரேன். இங்கன வந்து உக்காந்து சாப்பிடுதேன்."