பொரித் தட்டில் வைத்த வில்லை

ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் பொட்டு வைக்கிறோம், இதை மட்டும் ஏன் விட வேண்டும் என்று ஈயப் பெட்டியைத் திறந்தேன். விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். அந்தப் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கும். உள்ளே கதிர்வீச்சுப் பரிசோதனைக்கான வில்லைகள் நான்கு, சட்டைப் பட்டன் அளவில். இடுக்கியால் எடுத்துச் சந்தனம் தடவிப் பொரித் தட்டின் ஓரத்தில் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பூஜை முடிந்தது. திண்டிவனத்தில் இருக்கும் என் மகளுக்கென்று பிரிக்காத பொரிப் பாக்கெட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆய்வகம் பெருக்கும் பெண் தட்டுப் பொரியைத் தாளில் கொட்டி மடித்தாள்.

"பாப்பாவுக்கு எடுத்துக்கினு போறேன் மேடம்."

"எடுத்துக்கோம்மா," என்றேன்.

அவள் போன பிறகு பார்த்தால், சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு மூன்று வில்லைகள்தான் தட்டில் இருந்தன. கதிர்வீச்சு அளக்கும் கருவியை எடுத்துத் தரை, குப்பைக்கூடை எல்லாம் தேடினேன். எப்போதும்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் என்றது, அவ்வளவுதான். அவள் போன் சுவிட்ச் ஆஃப். பாப்பாவுக்கு இரண்டு வயது.

கருவியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் ஊரான காணைக்குப் போகும் பஸ்ஸில் அழுதேன். மாணவர்களுக்கான வில்லை, வீரியம் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழுங்கியிருந்தால்? வீரியம் குறைவு என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வேன்? ஐயோ கடவுளே, பஸ் ஏன் இப்படி ஊர்கிறது!

வாசலில் பாப்பா பொரி தின்றுகொண்டிருந்தாள். வில்லை வாயில் இருந்தது. விரலை விட்டுப் பிடுங்கினேன். ஓரத்தில் பல் தடம். அதைத் தூர வைத்துவிட்டு வாய், கை, வயிறு என்று கருவியை நீட்டினேன். டிக் சத்தம் கூடவில்லை.

பாப்பாவின் அம்மா சிரித்தாள். "இன்னா மேடம், ஒரு பட்டனுக்காவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேலையும் தப்பியிருக்கும். அந்தப் பல் தடம் விடவில்லை. அது என்ன, ஏன் ஈயப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம், எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகலாம், நானும் வருகிறேன் என்றேன்.

அவள் பாப்பாவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மீதிப் பொரியைக் காலால் தள்ளினாள். அப்புறம் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"உன் பொண்ணுக்கு மட்டும் பிரிக்காத பாக்கெட்டா பாத்து எடுத்து வெச்சுக்கினியே."