இரண்டாவது முறை கேட் தட்டப்பட்டபோது

அன்று நான் ஒரு பெண்ணுக்குக் கேட்டைத் திறக்கவில்லை. அன்பான சகோதர சகோதரிகளே, இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் என் சாட்சி பொய்யாகிவிடும்.

1997, ஆகஸ்ட் மாதம். கொல்கத்தாவில் காளிகாட்டில் ஒரு சந்துக்குள் தரைத்தள வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். பாளையங்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் மகள் ஜெனிக்கு எட்டு மாதம், மூன்று நாளாகக் காய்ச்சல். வாசலில் இழுத்து மூடுகிற இரும்பு கேட். அதன் சாவி எங்களிடம்தான் இருக்கும். மாடியில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். அந்த ஊர் வழக்கப்படி அவரைச் சித்தி முறை வைத்து மாஷிமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை பௌமா, அதாவது மருமகளே என்பார்.

சந்து முனையில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு மணலும் செங்கல்லும் யார் இறக்குவது என்று இரண்டு கும்பலுக்குள் பகை. அன்று காலை பதினொரு மணிக்கு முதல் குண்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடியிலிருந்து மாஷிமாவின் குரல் கேட்டது.

"பௌமா, பூட்டைப் போடு. யார் வந்தாலும் திறக்காதே."

பூட்டினேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் போட்டேன். "கர்த்தாவே, எங்கள் வாசலுக்கு யாரும் வராதபடி பார்த்துக்கொள்ளும்." இதுதான் என் ஜெபம். இன்று இதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

சிறிது நேரத்தில் கேட் ஆடியது.

"திதி, திற. கொஞ்சம் திற, திதி." ஒரு பெண்ணின் குரல். திதி என்றால் அக்கா.

ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பச்சைச் சேலையின் ஓரமும் ஒரு பிளாஸ்டிக் பையும் மட்டும் தெரிந்தன. ஜெனி சிணுங்கினாள். அவள் வாயைக் கையால் பொத்தினேன். ஆனால் வெளியே கேட்டுவிட்டது.

"குழந்தை இருக்கா?" என்றாள் அந்தப் பெண்.

அதற்குப் பிறகு அவள் தட்டவே இல்லை. செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. அவள் போன பக்கத்தில் இன்னொரு குண்டு வெடித்தது.

மறுபடி ஜெபிக்க முயன்றேன். வாய் வரவில்லை. சாவி உள்ளங்கையில் பதிந்து வலித்தது. ஓடிப் போய்ப் பார்க்கலாமா? பிள்ளையை யாரிடம் விடுவது? அவள் வேறு வீட்டுக்குள் போயிருப்பாளோ? இப்படியே நின்றுகொண்டிருந்தபோது கேட் இரண்டாவது முறை தட்டப்பட்டது. முனைக் கட்டடத்தில் வேலை செய்கிற இரண்டு கொத்தனார்கள். கால்களில் சிமெண்ட் காய்ந்திருந்தது. ஒருவர் மற்றவரைத் தாங்கியிருந்தார். தாங்கப்பட்டவர் தன் வலது கையைத் துண்டால் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். துண்டு முழுவதும் இரத்தம்.

அதைத் தைரியம் என்று சொல்ல மாட்டேன். இன்னொருவர் திரும்பிப் போகும் சத்தத்தைக் கேட்க என்னால் முடியாது என்ற பயம்தான். திறந்தேன். இருவரையும் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். கேட்டை மறுபடி பூட்டுவதற்குள் மூன்று பையன்கள் கம்போடு வந்துவிட்டார்கள்.

"ரெண்டு மிஸ்திரி இங்க வந்தாங்களா?"

கேட்டுக்கு வெளியே படியில் இரத்தத் துளிகள் கிடந்தன. அவர்கள் இன்னும் குனிந்து பார்க்கவில்லை. பொய் சொல்லலாமா? சொன்னாலும் நம்புவார்களா? இடுப்பில் பிள்ளை அனலாகக் கொதித்தது. "ஆண்டவரே, ஒரு வார்த்தை தாரும்" என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். வார்த்தை வரவில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்ச வங்காளமும் போய்விட்டது.

மேலேயிருந்து தண்ணீர் வந்தது. ஒரு வாளித் தண்ணீர், பையன்கள் தலையில். உடனே இன்னொரு வாளி, படியில்.

"ஐயோ, மாஷிமா. நனைச்சிட்டீங்களே."

"பாப்லு, நீதானா? வாசல் கழுவுற நேரத்துல குறுக்கே வந்து நின்னா நனையத்தான் செய்வே. பூஜைக்கு நன்கொடை கேட்டு வர்றப்பவாவது குளிச்சிட்டு வான்னு போன வருஷமே சொன்னேன். இப்ப ஆச்சு."

கூட இருந்தவன் சிரித்துவிட்டான்.

"ரெண்டு மிஸ்திரியைத் தேடுறோம், மாஷிமா."

"அந்த மதராஸிப் பொண்ணுக்குத் தண்ணி வேணும்னு கேட்கவே வங்காளம் வராது. அவகிட்ட விசாரணையா? பிள்ளைக்குக் காய்ச்சல். போங்கடா."

போய்விட்டார்கள். படி சுத்தமாக இருந்தது.

மாஷிமா பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். "திறக்காதேன்னு சொன்னேன்ல?" என்றார்.

"ஆமா, மாஷிமா."

"என் இடுப்பே போச்சு." சொல்லிக்கொண்டே துண்டை அவிழ்த்தார்.

காயம்பட்டவருக்கு இரண்டு விரல் போய்விட்டது. உயிர் தப்பியது. நாலு மணிக்குச் சந்து அடங்கியதும் அவருடைய கூட்டாளி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மாலையில் என் கணவர் கோபப்பட்டார்.

"பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படித் தொறந்த? முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு?"

"அதுக்கு முன்னால ஒருத்திக்குத் தொறக்கலைங்க."

அவர் மறுநாள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு ஆஸ்பத்திரிகளில் பச்சைச் சேலைப் பெண்ணைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தார். நான் கடைத்தெருவில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

ஜெனிக்கு இப்போது பத்து வயது. அவளைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்த இரவுகளில் எல்லாம், "குழந்தை இருக்கா?" என்ற குரல் கேட்கும். அந்தப் பெண் கோபத்தில் போனாளா, குழந்தைக்கு இரங்கிப் போனாளா? நான் மன்னிப்புக் கேட்டு ஜெபித்திருக்கிறேன். கர்த்தர் மன்னித்தார் என்று விசுவாசிக்கிறேன். அந்தப் பெண் உயிரோடு இருந்தால் அவளும் மன்னிக்கட்டும்.

ஆனாலும் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. கர்த்தர் இரண்டு உயிரைக் காத்தார், என் பிள்ளையையும் காத்தார். திறக்காதே என்று சொன்னவர் கையாலேயே எனக்கு உதவி அனுப்பினார். அன்றிலிருந்து தெருவில் ஒருவர் விழுந்தாலும், பஸ்ஸில் ஒரு பெண் கத்தினாலும் நான் எழுந்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் பயமாகத்தான் இருக்கிறது.

நீங்களும் அவரை நம்புங்கள். பயம் போன பிறகு திறக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்குப் போகவில்லை. மேலேயிருந்து உதவி வந்தது நான் திறந்த பிறகுதான்.