இரண்டு மணிக்கு இறங்க வேண்டிய பதிலாள்

அந்த மூடி என் ஆபீஸ் மேசையில் பாதி அளவுதான் இருக்கும். படகின் பின்பக்கத் தளத்தில் சதுரமாக ஒரு திறப்பு, அதன்மேல் பலகை மூடி. மூடியைத் தூக்கினால் ஐந்து படி கொண்ட இரும்பு ஏணி, ஏணிக்குக் கீழே என்ஜின். டீசல் புகையும் சூடும் குபீரென்று முகத்தில் அடிக்கும். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த ஒருவன் ஐந்து படி இறங்கப் பயந்து நடுக்கடலில் உட்கார்ந்திருந்தான் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பினால் சிரிப்பார்கள். அதனால்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குச் சுரங்கத்தில்தான் வேலை, ஆனால் தரைக்கு மேலே. டைம் ஆபீஸில் குமாஸ்தா. சங்கு ஊதியதும் வரிசையில் வந்து நிற்கிறவர்களின் நம்பரைக் கேட்டு, இவர் இத்தனை மணிக்கு இறங்கினார், இவர் இத்தனை மணிக்கு ஏறினார் என்று எழுதுவேன். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவரையும் விடமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்கூட உண்டு. ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி அவர்கள் கண்ணுக்கு மறைவதை ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதில் கால் வைத்ததில்லை. ‘ஒரு நாள் வந்து பாருங்களேன்’ என்று ஒரு ஃபோர்மன் கூப்பிட்டபோது காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாள் லீவு போட்டேன். சுரங்கத்துக்குள் பாறை வெடித்து வீட்டுச் சுவர் அதிரும்போதெல்லாம் நான் வாசலுக்கு ஓடிவிடுவேன். என் மனைவி அடுப்பிலிருக்கும் குழம்பைக் கிளறிக்கொண்டே இருப்பாள்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், பதினாறு வயதிலிருந்து கீழே வேலை செய்தவர். முதல் பத்து வருஷம் பாறையில் துளை போடும் வேலை, அதற்குப் பிறகு பம்ப் ஃபிட்டர். சுரங்கத்தின் அடியில் ஊறுகிற தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் நின்றால் அந்த லெவலே, அந்த ஆழத்துப் பாதை முழுக்க, மூழ்கிவிடும். அதனால் பம்ப் ஆட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்த ஷிஃப்டுக்கு வரும் பதிலாள் வந்து கை வைக்கும்வரை இருக்கிறவன் கையை எடுக்கக் கூடாது. பதிலாளைக் கூப்பிட்டு அனுப்பவும் கூடாது. நேரம் தெரிந்து அவனாகவே வர வேண்டும். கூப்பிட்டு அனுப்பினால் அவனை எல்லார் முன்னாலும் கேவலப்படுத்திய மாதிரி. ஒரு மழைக்காலத்தில் பதிலாள் வராமல் என் மச்சான் இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து நின்றதை, கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் எல்லாரும் பேசினார்கள். அவர் மட்டும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அறுபதுகளின் கடைசியில் மெடிக்கல் போர்டு அவரை ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிட்டது. நெஞ்சு முழுக்கத் தூசி. வயது நாற்பத்தொன்று. வேலை போனதும் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். மனைவி, மூன்று பெண் குழந்தைகள். அந்தச் சமயத்தில்தான் பங்காருபேட்டையில் தெரிந்தவர் ஒருவர் மூலமாக நாகப்பட்டினத்தில் ஒரு படகு முதலாளியின் பழக்கம் கிடைத்தது. அவர் சென்னையில் ஒரு விசைப்படகு வாங்கியிருந்தார். படகு புதிது, என்ஜின் பழையது. அதைக் கடல் வழியாக நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தால் அதிலேயே என்ஜின் டிரைவர் வேலை, தங்க ஒரு வீடும் உண்டு என்றார். மச்சான் உடனே சரி என்றுவிட்டார். கடலை அவர் அதுவரை பார்த்ததுகூட இல்லை.

தனியாக அனுப்ப என் மனைவிக்கு மனமில்லை. பொங்கல் முடிந்த வாரம், ரயிலுக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“எங்க அண்ணன் வாயத் தொறந்து எதையும் கேக்காது. நீங்கதான் பாத்துக்கணும். உசுரோட இட்டுகினு வாங்க.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

படகில் நாங்கள் மூன்றே பேர். சுக்கான் பிடித்தவர் நாகப்பட்டினத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அவரைத் தண்டல் என்று கூப்பிட்டார்கள். மச்சான் என்ஜினுக்கு. நான் எதற்கு என்று தண்டலுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. விடியும் முன்பே சென்னையை விட்டுக் கிளம்பினோம். வெளிச்சம் வந்ததும் இடது கைப்பக்கம் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. அப்படி ஒன்றுமே இல்லாத இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வலது பக்கம் மெல்லிய கோடாகக் கரை. அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மகாபலிபுரம் தாண்டும் முன்பே என்ஜின் இருமி இருமி நின்றுவிட்டது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் மச்சான். ஓடாத படகு இவ்வளவு ஆடும் என்று எனக்குத் தெரியாது. கையில் கிடைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். அவர் கீழே ஃபில்டரைக் கழற்றித் தன் பனியனைக் கிழித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் என்ஜின் மறுபடி ஓடியது. மேலே வந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா மாப்ள, மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சி? நாங்க கீழ வேல செஞ்ச எடத்துல தண்ணி தலைக்கு மேல நின்னுகினு இருக்கும். இங்க காலுக்குக் கீழ கீது. அவ்ளோதான் வித்தியாசம்.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதற்கப்புறம் உட்காரவும் பயம் வந்துவிட்டது.

முதல் நாள் எப்படியோ கடலூரில் கரை சேர்ந்தோம். அங்கேயே பஸ் ஏறிப் போய்விடலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. மச்சான் துறைமுகத்தில் ஒரு சைக்கிள் கடையைக் கண்டுபிடித்துப் பழைய டியூப் இரண்டு வாங்கி வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “எதுக்காச்சும் ஆவும்” என்றார். ஆகவும் செய்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் வெடித்தது. கொதிக்கிற குழாயில் அந்த டியூபைச் சுற்றிக் கட்டி ஓட்டினார். விரல்கள் வெந்துபோயிருந்தன.

மூன்றாவது தடவை வந்த பழுதுதான் பெரியது. கொள்ளிடம் கடலில் கலக்கிற பக்கம் வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். படகைத் தள்ளுகிற விசிறியின் தண்டு அடிப்பலகையைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் ஒரு போல்ட் உடைந்து, கடல் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. கயிற்றில் கிரீஸ் தடவி அடைத்தார். பாதி நின்றது, பாதி நிற்கவில்லை. போல்ட் உடைந்த அதிர்வில் தண்ணீர் இறைக்கும் பம்பின் பெல்ட்டும் அறுந்தது. என்ஜினை நிறுத்திவிட்டுச் சரி செய்ய வழியில்லை. வாடைக் காற்று படகைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. என்ஜின் நின்றால் அரை மணி நேரத்தில் அலை உடைகிற இடத்துக்குப் போய்விடுவோம், அங்கே போன படகு எதுவும் மிஞ்சாது என்றார் தண்டல். என்ஜின் ஓட வேண்டும், ஓடுகிற என்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்று கை பம்பால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்டல் சுக்கானை விட முடியாது. மிச்சம் நாங்கள் இருவர்.

மச்சான் ஏணியில் நின்று தலையை மட்டும் வெளியே நீட்டி என்னிடம் நேரம் கேட்டார். சொன்னேன்.

“ரெண்டு மணிக்கு நீங்க எறங்குங்க மாப்ள. கொஞ்ச நேரம் நீங்க அடிச்சீங்கன்னா நான் மூச்சு வாங்கிப்பேன். அப்பறம் நானே பாத்துக்கறேன்.”

தலையாட்டினேன். அவர் இறங்கிப் போனார். கடக் முடக் என்று கை பம்பின் சத்தம் ஆரம்பித்தது.

என் கையில் கடிகாரம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நிமிஷம் முன்பின் ஓடாத கடிகாரம். ஒன்றே முக்காலுக்கு எழுந்து போய் மூடி ஓரமாக நின்றேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். புகையில் என்ஜினின் தலையும், குனிந்து நிமிர்கிற ஒரு முதுகும் தெரிந்தன. தரையில் கருப்பாகத் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. என் கால் ஏணியைத் தொட்டது. தொட்டதும் திரும்பி வந்துவிட்டது. கேஜுக்குள் போகிறவர்களின் முகமெல்லாம் ஞாபகம் வந்தது. திரும்பி வராதவர்களின் நம்பரும் ஞாபகம் வந்தது. முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணி ஆயிற்று. கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். ஆபீஸில் எனக்கு அப்படித்தான் பழக்கம்; மேலதிகாரி மணி அடித்தால் போவோம். அவர் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்றால் இன்னும் தாங்குகிறார் என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பம்ப் ஆள் கூப்பிடவே மாட்டான் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு இருமல் கேட்டது. இருமலுக்கு நடுவிலும் கடக் முடக் நிற்கவில்லை. மூன்றரைக்குத் தண்டல் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, கீழ ஆள் மாறலையா? அவரு எவ்வளவு நேரமா அடிக்கிறாரு?”

“கூப்பிடறேன்னு சொன்னாருங்க” என்றேன்.

 தண்டல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நாலேகாலுக்குப் பம்ப் சத்தம் நின்றது. அவருக்காக இறங்கினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அது உண்மையில்லை. சத்தம் நின்றதும் படகு மூழ்கப்போகிறது, நான் சாகப்போகிறேன் என்ற பயம் அந்த ஏணியின் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. எப்படி இறங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. கீழே, தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. மச்சான் குழாயில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. கை மட்டும் பம்பின் பிடியில் இருந்தது. சத்தம் வரும் அளவுக்கு அடிக்க முடியவில்லையே தவிர, கை மேலும் கீழும் போய்க்கொண்டுதான் இருந்தது.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“வாங்க மாப்ள. தண்ணி கொஞ்சம் ஏறிக்கீது, என்ஜின் சூடு பரவால்ல. அந்த டியூப் கட்டு மேல மட்டும் ஒரு கண்ணு வெச்சிக்கோங்க.”

ஷிஃப்ட் மாற்றும்போது பதிலாளிடம் சொல்கிற மாதிரியே, வரிசையாக, மூச்சு முட்ட முட்டச் சொன்னார். நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கை அவர் கைமேல் படும்வரை பிடியை விடவில்லை. அவர் உள்ளங்கை ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. அது வியர்வை இல்லை என்று பிறகு பார்த்தபோது தெரிந்தது. ஏணியில் இரண்டு படி ஏறினார், அதற்கு மேல் முடியவில்லை. தலையை வெளியே வைத்துக்கொண்டு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்து வெளிச்சம் தெரியும்வரை நான் அடித்தேன். அடிக்கும்போது பயம் கொஞ்சம் குறைந்தது என்பதுதான் கொடுமை. இரண்டு மணிக்கே இறங்கியிருக்கலாம்.

முதலாளிக்கு ஏக சந்தோஷம். வேலை உங்களுக்குத்தான் என்றார். ஒரு வாரத்தில் வருகிறேன் என்று மச்சான் சொன்னார். ஊருக்குத் திரும்பி வந்தோம், உயிரோடு. வீட்டு வாசலில் என் மனைவி அண்ணனின் கையைப் பிரித்துப் பார்த்து அழுதாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“இன்னாத்துக்கு அழற? உன் வூட்டுக்காரர் கரெக்ட் டைமுக்கு எறங்கிட்டாரு. இல்லன்னா நான் அங்கியே பூட்டிருப்பேன்.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் நாகப்பட்டினத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. படுத்தவர் எழுந்திருக்கவில்லை, அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். தூசி நெஞ்சு, எப்படியும் அவ்வளவுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த இரண்டேகால் மணி நேரத்தால் எவ்வளவு குறைந்தது என்று டாக்டரைக் கேட்டிருக்கலாம். அவர் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் அதையும் கேட்கவில்லை. மச்சானின் பெண்கள் மூவரையும் எங்கள் வீட்டில் வைத்துத்தான் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனுஷர் என்று ஊரே என்னைச் சொன்னது.

சுரங்கம் மூடி, ஊர் பாதி காலியாகி, இருக்கிறவர்கள் விடியும் முன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற காலம் வந்துவிட்டது. என் மனைவி மட்டும் யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். “எங்க அண்ணன இவருதான் கடல்லேர்ந்து காப்பாத்தி இட்டுகினு வந்தாரு.” ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவரு தன் பெருமையத் தானே கேக்கமாட்டாரு என்று அதற்கும் ஒரு விளக்கம் சொல்லுவாள்.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்து அவள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தண்டலிடம் சொன்ன பொய் உட்பட. அவள் கை வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தது. நான் முடித்த பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

“நீங்க எறங்குனப்போ எங்க அண்ணன் உங்கள இன்னா கேட்டுச்சு?”

“ஒண்ணும் கேக்கல. வாங்க மாப்ளன்னாரு.”

மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.  மறுநாளிலிருந்து எப்போதும் போல இருந்தாள், சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கதையை மட்டும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். கல்லூரியில் என்னவோ எழுத வேண்டுமாம், தாத்தா கடலில் காப்பாற்றிய கதையை மறுபடி சொல்லு என்று பாட்டியைக் கேட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

“தாத்தாவ கேளு. அங்க இருந்தவரு அவருதானே” என்றாள்.

பேத்தி நோட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் மனைவி கதவுப்பக்கம் நின்றாள், போகவில்லை.  இரண்டு மணியிலிருந்து ஆரம்பித்தேன்.