ஒட்டிப்போன நான்கு பக்கங்கள்

வேலை முடிந்து வந்து, ஒரு வரி படிக்கவும் தெம்பில்லாமல் விழுகிற நாட்களில் சித்தியின் நினைவு வரும். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தபால் வழியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்து, ஒரே ஒரு தாளில் மட்டும் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தாள். தேறினால் உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. தேறாவிட்டால் புள்ளலூர் மாப்பிள்ளை. “இந்த தபா போச்சுன்னா அவ்ளோதான்” என்று தாத்தா சொல்லிவிட்டார்.

பகலெல்லாம் நடவு. பொழுது சாய்ந்தால் சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுவாள். அதனால் படிப்பும் கழனியிலேயே நடந்தது. ஆறாவது முடித்திருந்த நான் வரப்பில் உட்கார்ந்து கைடை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அவள் குனிந்தபடியே உச்சரிப்பைத் திருத்தித் திருப்பிச் சொல்லுவாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ஊர்க்கார அக்காவுக்கும் பாதி மனப்பாடம்.

“வெள்ளக்காரன் கத எப்பம்மா முடியும்? இடுப்பு ஒடியுது.”

“தோ, முடியப்போவுதுக்கா. நீ படிடீ, நிறுத்தாத.”

முடியவே முடியாத விடை அது. முதலில் ஒழுங்கும் அறிவுமே பெரிதென்று எழுதிய கவிஞர்கள். கடைசியில் மலை, ஆறு, மனசு என்று உருகியவர்கள். நடுவில் இரண்டிலும் சேராத ஒரு கூட்டம்: அந்தி நேரத்தில் கல்லறைப் பக்கம் உட்கார்ந்து வருத்தப்பட்டவர்கள், அந்த மாதிரிப் புத்தகங்களை வாடகைக்கு வாங்கிப் படித்து அழுத பெண்கள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது வெயில் ஒன்றுதான். ஒருநாள் அந்த நடுக்கூட்டம் வந்த இடத்தில் சேற்றுக் கையோடு மூன்று தாள்களைச் சேர்த்துப் புரட்டினேன். நான்கு பக்கம் மிச்சம்! சித்தி அசதியில் கவனிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. சேறு காய்ந்து தாள்கள் ஒட்டியே போயின. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான்.

பரீட்சையில் பெரிய கேள்வியாக அந்த நடுக்காலமே வந்திருந்தது. வீட்டுக்கு வந்த சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் கைடை எடுத்தாள். ஒட்டியிருந்த தாள்களை நகத்தால் மெதுவாகப் பிரித்தாள். நான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இன்னாம்மா, எழுதிட்டியா?” என்றார் தாத்தா.

“இல்ல நைனா. நான்தான் சரியா படிக்கல.”

தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புள்ளலூருக்குப் பஸ் ஏறப் போனார்.

அன்றைக்கு, சித்திக்கு விஷயம் பிடிபடவேயில்லை, அடி வாங்காமல் தப்பித்தோம் என்று எனக்கு ஒரே குஷி. கல்யாணத்தில் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.